பொதுப்பெட்டியில் பூவாத்தாள்

வாயை இன்னும் கொஞ்சம் திறக்கச் சொன்னது சுரேந்தர்தான்.

"இன்னுங் கொஞ்சமுங்கக்கா. அந்தப் புழுவப் பார்த்து மெரண்டு போன மாதிரி. கண்ணையும் நல்லா உருட்டுங்க."

பூவாத்தாளின் உள்ளங்கையில் கூன்வண்டின் புழு ஒன்று நெளிந்துகொண்டிருந்தது. தென்னைமரத்தின் தண்டைக் குடைந்து தின்னும் பூச்சி. இருபத்தைந்து வருஷமாக அதைத் தோண்டி எடுத்து மிதித்துக் கொன்றுகொண்டிருப்பவளுக்கு, அதைக் கண்டு மிரள்வதுபோல் நடிக்கச் சொன்னதும் சிரிப்பு வந்தது. இருந்தாலும் உதவி செய்ய வந்த பிள்ளை சொல்கிறானே என்று வாயைப் பிளந்து கண்ணை உருட்டினாள். சுரேந்தருக்குப் பக்கத்தில் நின்ற அமலி கேமராவை அழுத்தினாள்.

பூவாத்தாளுக்கு நாற்பத்தெட்டு வயது. உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே நாலு ஏக்கர் தென்னந்தோப்பு. கணவர் நஞ்சுண்டன் அதிகம் பேசாதவர்; அவருக்கும் சேர்த்து இவள் பேசினாள். வெள்ளை ஈ வந்தால் என்ன செய்வது, குரும்பை உதிர்ந்தால் எந்த உரம் வைப்பது, வேர் வாடல் வந்த மரத்தை எப்போது கைகழுவுவது என்று தோப்புக்குள் நின்று செல்போனில் பேசி யூடியூபில் போடுவாள். நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். ஆனைமலையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் விவசாயிகள் கூப்பிட்டு, "அம்மா, மட்டை மஞ்சளாயிருச்சுங்க" என்று நோயாளியின் சொந்தக்காரர்களைப்போல் கேட்பார்கள். ஒவ்வொரு வீடியோவுக்கும் முகப்பில் வைக்கும் படத்தை, தம்ப்நெயில் என்பார்களே, அதை அவளே ஒரு வெளிநாட்டுத் தளத்தில் செய்யக் கற்றுக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் அந்தத் தளம் அவளுடைய கணக்கை மூடிவிட்டது. காரணம் சொல்லவில்லை. மூன்று வருஷத்துப் படங்கள் போயின. எழுதிக் கேட்டதற்கெல்லாம் இயந்திரம்தான் பதில் போட்டது. பூவாத்தாள் தோப்பில் நின்று ஒரு வீடியோ போட்டாள். "என்ற கையால செஞ்சதுங்க அத்தனையும். என்ன தப்புப் பண்ணுனேன்னாவது சொல்லிப்போட்டு எடுத்திருக்கலாமுங்க" என்று சொல்லும்போது அழுதுவிட்டாள்.

அந்த வீடியோவைப் பார்த்துத்தான் சுரேந்தர் அவளைத் தேடி வந்தான். பெருந்துறைக்காரன், முப்பத்திரண்டு வயது. பெங்களூரில் நல்ல வேலையை விட்டுவிட்டு வந்து, சிங்காநல்லூரில் மோட்டாருக்குக் காயில் என்னும் கம்பிச்சுருள் கட்டும் பட்டறைக்கு மேல்மாடியை வாடகைக்குப் பிடித்து, 'பலகை' என்றொரு செயலியை உருவாக்கிக்கொண்டிருந்தான். அமலி அவனைவிட மூன்று வயது மூத்தவள். கோயம்புத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவள். பலகையின் உள்வேலை முழுவதையும் எழுதியவள் அவள்தான். அதற்காக அவளும் ஒரு வேலையை விட்டிருந்தாள். வீட்டுக்கு இப்போது அவள் கணவன் தாமஸின் பள்ளிக்கூடச் சம்பளம் ஒன்றுதான்.

பலகையில் போஸ்டர் செய்யலாம், தம்ப்நெயில் செய்யலாம். மற்றவற்றிலிருந்து அது வேறுபட்டது ஒரே ஒரு விஷயத்தில். அதற்குத் தலைமை இடம் என்று ஒன்று கிடையாது. ஒருவர் செய்யும் படம் துண்டு துண்டாகப் பிரிந்து, பலகையைப் பயன்படுத்தும் மற்றவர்களின் கணினிகளிலும் போன்களிலும் போய்த் தங்கும். ஒன்று அணைந்தாலும் இன்னொன்றிலிருந்து வரும். எந்தக் கம்பெனியும் யார் படத்தையும் அழிக்க முடியாது. எல்லோருக்கும் பொதுவாக ஒரு பெட்டியும் உண்டு. அதில் ஒருவர் போடும் ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் படத்தில் ஒட்டிக்கொள்ளலாம்.

"உங்க படத்த இனி எவனும் எடுக்க முடியாதுங்கக்கா. நாங்களே நெனச்சாலும் முடியாது" என்று சுரேந்தர் தோப்பில் வைத்துச் சொன்னான். பூவாத்தாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் சொன்னது முழு உண்மையல்ல. குழந்தைகளின் அசிங்கப் படங்களை யாராவது போட்டால் என்ன செய்வது என்று அமலி ஆரம்பத்திலேயே கேட்டிருந்தாள். அதனால் ஒரு மறைப்புப் பட்டியலை உள்ளே வைத்தாள். எல்லோருடைய பலகையும் மணிக்கொருமுறை அந்தப் பட்டியலைப் படிக்கும். அதில் இருக்கும் படத்தைக் காட்டாது, அடுத்தவருக்கும் அனுப்பாது. பட்டியலில் ஒரு படத்தைச் சேர்க்க இரகசியச் சாவி வேண்டும். அது சுரேந்தரிடம் ஒன்றும் அமலியிடம் ஒன்றுமாக இருந்தது. யாராவது ஒருவர் சாவியைப் போட்டாலே போதும். இதை வெளியே சொல்ல வேண்டாம் என்றான் சுரேந்தர். சொன்னால் பலகைக்கும் மற்றவற்றுக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும்.

தோப்பில் எடுத்த படத்தில் பின்னணியை வெட்டிவிட்டுப் பூவாத்தாளை மட்டும் ஸ்டிக்கராக்கிப் பொதுப்பெட்டியில் மாதிரிக்காகப் போட்டார்கள். பிளந்த வாய், உருட்டிய கண், நீட்டிய கையில் புழு.

சென்னையில் சினிமாப் பேச்சுப் பேசும் ஒருவன் முதலில் எடுத்தான். ஒரு நடிகரின் படம் தோற்றுப்போனதற்கு அவள் முகத்தை ஒட்டினான். மறுநாள் இருபது பேர். பெட்ரோல் விலை ஏறினால் பூவாத்தாள், பரீட்சை முடிவு வந்தால் பூவாத்தாள், மருமகள் சமைத்தால் பூவாத்தாள். 'ஷாக் அக்கா' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். முதலில் அவளுக்கே அது வேடிக்கையாகத்தான் இருந்தது. பிறகு யாரோ புழுவை அழித்துவிட்டு அவள் கையில் வேறு பொருள்களை வைக்க ஆரம்பித்தார்கள். அவற்றில் பலவற்றை இங்கே எழுத முடியாது. வாய் திறந்திருந்ததால் அதற்குத் தோதாகவும் வாசகங்கள் எழுதினார்கள்.

ஐந்து வாரத்தில் பலகையைப் பயன்படுத்துவோர் ஆறாயிரத்திலிருந்து ஒன்றரை லட்சம் ஆனார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பூவாத்தாள் சிங்காநல்லூருக்கு வந்தாள். உடுமலையிலிருந்து உக்கடம் வந்து, அங்கே டவுன் பஸ் மாறி, விசாரித்து விசாரித்து மாடியேறியிருந்தாள். உட்காரச் சொன்னதும் உட்காரவில்லை. போனை எடுத்து நீட்டினாள். மகள் அக்ஷயா எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து வைத்துக் கொடுத்திருந்தாள். தன் கையால் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டக் கூசி, போனை மேஜைமேல் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றாள்.

"கண்ணு, புள்ளைக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்குதுங்க. பல்லடத்து மாப்பிள்ளை. அவுங்க ஊட்டுல இதெல்லாம் பார்த்துப்போட்டாங்கன்னா..." என்று நிறுத்தினாள். "என்ற மூஞ்சிய மட்டும் அந்தப் பொட்டியில இருந்து எடுத்துப்போடுங்க கண்ணு. வேறொண்ணும் வேண்டாம்."

சுரேந்தர் எழுந்து நின்று பேசினான். குரலில் அவ்வளவு மரியாதை.

"அக்கா, உங்களுக்கு நடந்தது எனக்கு நெம்பச் சங்கடமா இருக்குதுங்க. ஆனா நம்ம பலகையோட அமைப்பே அப்படித்தானுங்க." வெள்ளைப் பலகையில் வட்டம் வட்டமாகப் போட்டுக் கோடுகளால் இணைத்தான். "பாருங்க, உங்க படம் இங்கயும் இருக்குது, இங்கயும் இருக்குது. இது மரமாட்டம் இல்லீங்க, ஒரே எடத்துல வெட்டறதுக்கு. கோரைப்புல்லு மாதிரி. ஒரு பக்கம் புடுங்குனா இன்னொரு பக்கம் மொளைக்கும்."

பூவாத்தாள் வட்டங்களைக் கவனமாகப் பார்த்தாள்.

"கோரைக்கு மருந்து இருக்குதுங்களே கண்ணு" என்றாள்.

"இதுக்கு இல்லீங்கக்கா."

கீழே பட்டறையில் யாரோ ஒரு மோட்டாரை ஓட்டிப் பார்த்தார்கள். சத்தம் நின்றதும் பூவாத்தாள் அமலியின் பக்கம் திரும்பினாள்.

"ஏனம்மணி, நெசமாவே வழி இல்லியா?"

அமலியின் சாவி அவளுக்கு முன்னால் இருந்த கணினியிலேயே இருந்தது. ஒரு நிமிஷ வேலை. சுரேந்தர் அவளைப் பார்க்கவில்லை. எழுதுகோலின் மூடியை மாட்டிக்கொண்டிருந்தான்.

"வெயில்ல வந்திருக்கீங்க. மொதல்ல தண்ணி குடிங்க அக்கா" என்று அமலி எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

பூவாத்தாள் அண்ணாந்து குடித்துவிட்டு டம்ளரை மேஜைமேல் வைத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சரிங்க கண்ணு. உங்க கையில இல்லாததுக்கு உங்களச் சொல்லி என்ன ஆகறது. வேலை நேரத்துல வந்து தொந்தரவு பண்ணிப்போட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

அவள் படியிறங்கியதும் அமலி மாடிக் கைப்பிடிக்குப் போய் எட்டிப் பார்த்தாள். பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தவர்களில் ஒருவன் பூவாத்தாளை அடையாளம் கண்டுகொண்டான். பக்கத்திலிருந்தவனைத் தட்டிக் காட்டினான். இருவரும் வாயைப் பிளந்து கையை நீட்டினார்கள். அவள் பார்க்காததுபோல் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.

அமலி உள்ளே வந்தாள். "சுரேந்தர், நான் போட்டுடறேன். பட்டியல்ல சேர்த்துடறேன்."

"பன்னெண்டு நாள் பொறுங்க."

"அந்தம்மா கண்ணு கலங்கிப் போறாங்க."

"நானும் பார்த்தேனுங்க. நான் என்ன கல்லா?" அவன் கணினியைத் திருப்பிக் காட்டினான். மேலேறும் கோடு ஒன்று அதில் இருந்தது. "சுந்தரராஜுலு சார் பன்னெண்டு நாள்ல கையெழுத்துப் போடறாரு. அவரு பார்க்கறது இந்தக் கோட்ட. இந்தக் கோடு அந்தம்மா மூஞ்சிதான். இன்னைக்கு எடுத்தா நாளைக்கே விழும். அப்புறம் நீங்க எங்க போவீங்க, நான் எங்க போவேன்? கையெழுத்து ஆகட்டும், அன்னைக்கே எடுத்துடலாம்."

சுந்தரராஜுலு நகரத்துப் பழைய மில் குடும்பத்துப் பெரியவர். பலகைக்கு முதல் போட ஒத்துக்கொண்டிருந்தார். அவர் போடாவிட்டால் அடுத்த மாதம் மாடியைக் காலி செய்ய வேண்டியதுதான். அமலிக்கு அது தெரியும். பன்னிரண்டே நாள்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அன்று மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தவள் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் மூடி வைத்தாள்.

அந்தப் பன்னிரண்டு நாளில் பூவாத்தாள் வேர் வாடலைப் பற்றி ஒரு வீடியோ போட்டாள். வழக்கமான சேலை, வழக்கமான மரம். அறுநூறு பேர் கருத்து எழுதியிருந்தார்கள். அதில் ஐந்நூற்றுச் சொச்சம் 'ஷாக் அக்கா' கேலி. ஆனைமலை விவசாயி ஒருவர் தன் தோப்பில் பதினோரு மரம் வாடிவிட்டதென்று உண்மையாகவே கேட்டிருந்த கேள்வி நடுவில் எங்கோ கிடந்தது. அவள் அதைத் தேடிப் பிடித்துப் பதில் எழுதினாள். அதற்குக் கீழேயும் வந்து கேலி செய்தார்கள். அவள் வீடியோவை எடுத்துவிட்டாள். கொப்பரை ஏலத்துக்குப் போனபோது, மூட்டையைக் காட்டக் கையை நீட்டியதும் வியாபாரிகள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஏலத்துக்கு நஞ்சுண்டனையே அனுப்பினாள். விலை பேசத் தெரியாத அவர், வியாபாரிகள் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வருவார்.

கையெழுத்து ஆயிற்று. ரேஸ்கோர்ஸ் பங்களாவில் சுந்தரராஜுலு இருவருக்கும் காப்பி கொடுத்து, "நல்லா வரோணும்" என்று வாழ்த்தினார். திரும்பும் வழியில் காரில் அமலி நினைவூட்டினாள்.

"ஒரு மாசம் போகட்டுமுங்க" என்றான் சுரேந்தர். "மொத மாசக் கணக்க அவரு பார்ப்பாரு."

அமலி மறுபடி கேட்கவில்லை. ஒருமுறை பேசாமல் இருந்தவளுக்கு இரண்டாம் முறை பேசாமல் இருப்பது அவ்வளவு கடினமாகவும் இல்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்த சுரேந்தரின் போன் அடித்தது. சுந்தரராஜுலு பேசினார். அவருடைய பேத்தி நவ்யாவுக்குப் பதினைந்து வயது. அவளுடைய பரதநாட்டிய அரங்கேற்றப் படத்தைக் கூடப் படிக்கும் யாரோ வெட்டிப் பொதுப்பெட்டியில் போட்டிருந்தார்கள். காலையிலிருந்து நூற்றுக்கணக்கானோர் அதை எடுத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை அறையைப் பூட்டிக்கொண்டு அழுகிறாள் என்றார் கிழவர்.

"பத்து நிமிஷமுங்க சார்" என்றான் சுரேந்தர்.

கையைக் கழுவக்கூட இல்லை. இடக்கையாலேயே தட்டினான். சாவியைப் போட்டான். மணிக்கொருமுறை படிக்கும் பட்டியலை உடனே படிக்கும்படி அமலியை மாற்றச் சொன்னான், அவளும் மாற்றினாள். முப்பத்தைந்து நிமிஷத்தில் நவ்யாவின் படம் தமிழ்நாட்டில் எந்தப் பலகையிலும் இல்லை.

"அது குழந்தையாச்சுங்களே" என்று அமலியிடம் சொல்லிவிட்டு மறுபடி சாப்பிட உட்கார்ந்தான்.

பலகைக்காரர்கள் கூடிப் பேசும் பொது இடத்தில் அன்றே கேள்வி கிளம்பியது. 'அந்தப் பரதநாட்டியப் படம் எங்கே போச்சு? யாராலேயும் எடுக்க முடியாதுன்னு சொன்னீங்களே?' உடுமலையில் அக்ஷயா அதைப் படித்தாள். அம்மாவிடம் காட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அமலி மாதா கோவில் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது பூவாத்தாள் போனில் கூப்பிட்டாள். அமலி தாமஸை முன்னால் போகச் சொல்லிவிட்டு மதிலோரம் ஒதுங்கினாள்.

"அம்மணி, நல்லா இருக்கறயா? ஒண்ணு கேக்கோணும். சாமி கும்பிட்டுட்டு வர்ற நேரமா இருக்கும், மன்னிச்சுக்கோ. அந்த டான்ஸ் ஆடற புள்ளையோட படத்த எடுத்தீங்களாமா?"

"ஆமாங்கக்கா."

"அப்ப எடுக்க முடியுது."

"முடியுங்க."

"இப்பத்தான் வழி கண்டுபுடிச்சீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பூவாத்தாளே அந்தப் பொய்யை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தாள். அமலி மதிலைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லீங்கக்கா. மொதல்ல இருந்தே முடியும். நீங்க வந்த அன்னைக்கும் முடியும்."

அந்தப் பக்கம் தோப்பில் எங்கோ மட்டை விழும் சத்தம் கேட்டது.

"நா பஸ்ஸேறி வந்தனே அம்மணி."

"வந்தீங்க."

"நீயும் அங்கதான இருந்தே. நீ எனக்குத் தண்ணி குடுத்தே."

பூவாத்தாள் போனை வைத்துவிட்டாள். திட்டியிருந்தால்கூட அமலியால் அங்கே நின்றிருக்க முடியும். நேராக வீட்டுக்குப் போய்க் கணினியைத் திறந்து, பூவாத்தாளின் படத்தையும் அதிலிருந்து பிறந்த எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் தேடிப் பட்டியலில் சேர்த்தாள். நாலாயிரத்து முந்நூறு இருந்தன. சேர்த்து முடிக்க மாலையாகிவிட்டது. பூவாத்தாள் மாடியேறி வந்த அன்றே செய்திருந்தால் இதில் பாதிகூட இருந்திருக்காது. பலகைக்கு வெளியே வாட்ஸ்அப்பிலும் பிளக்ஸ் கடைகளிலும் போய்விட்டதை எந்தப் பட்டியலாலும் தொட முடியாது.

திங்கட்கிழமை சுரேந்தர் சத்தம் போடவில்லை. அவன் சத்தம் போடுகிறவனே அல்ல.

"என்னக் கேட்டுட்டுச் செஞ்சிருக்கலாமுங்க" என்றான். "ஜனங்க எல்லாம் அக்கா எங்கன்னு கேக்கறாங்க. பட்டியல் ஒண்ணு இருக்குதுன்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சு. இனிமே நம்ம ரெண்டு பேரும் முடிவு பண்ணுனா அது சர்வாதிகாரம். ஜனங்களே முடிவு பண்ணட்டும்."

"எதை?"

"அக்கா வேணுமா வேண்டாமான்னு."

அமலி அவன் விளையாடுகிறான் என்று நினைத்தாள். அவன் அன்றே ஓட்டெடுப்பை வைத்துவிட்டான். 'ஒரு தனிநபர் உங்களைக் கேட்காமல் ஒரு படத்தை மறைத்துவிட்டார். வருந்துகிறோம். பலகை உங்களுடையது. நீங்களே சொல்லுங்கள்.' இரண்டு நாள் அவகாசம். நவ்யாவின் படத்துக்கு ஓட்டெடுப்பு வைக்கவில்லை. அமலி அதைக் கேட்டபோது, "அது சின்னப் புள்ளை. சட்டம் வேற" என்றான். அது சரிதான். சரியான காரணம் ஒன்று அவனிடம் எப்போதும் இருந்தது.

அறுபத்தோராயிரம் பேர் ஓட்டுப் போட்டார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேர் 'அக்கா வேணும்' என்றார்கள். 'எங்க தெய்வம்', 'அக்கா இல்லாம பலகையா?' என்றெல்லாம் இதயம் போட்டு எழுதினார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு அவள் உயிரோடு இருக்கும் ஒரு மனுஷி என்று தோன்றியதே இல்லை. பூவாத்தாளும் அக்ஷயாவும் அவரவர் போனிலிருந்து 'வேண்டாம்' என்று போட்டிருந்தார்கள். நஞ்சுண்டனிடம் பட்டன் போன்தான் இருந்தது. அவருக்கு ஓட்டில்லை.

புதன்கிழமை மதியம் படம் பொதுப்பெட்டிக்குத் திரும்பியது. அமலியின் சாவியைச் சுரேந்தர் செல்லாததாக்கியிருந்தான். அவள் தன் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். "உங்க பேரு பலகையில என்னைக்கும் இருக்குமுங்க" என்று அவன் படி வரைக்கும் வந்து வழியனுப்பினான்.

ஆவணியில் அக்ஷயாவின் கல்யாணம். அழைப்பிதழ் அமலிக்குத் தபாலில் வந்தது. எதற்கு அனுப்பினாள் என்று அமலிக்குப் புரியவில்லை. பல்லடத்துக்காரர்கள் கல்யாணத்தை நிறுத்தவில்லை என்பதே அவளுக்கு ஆறுதலாக இருந்தது. தாமஸுக்குப் பள்ளிக்கூடம். அவள் தனியாகப் போனாள்.

மண்டபத்துக்கு எதிரே பஸ்ஸிலிருந்து இறங்கியதுமே அதைப் பார்த்துவிட்டாள். வாசலுக்கு இடதுபக்கம், வாழைமரத்தையும் தாண்டி உயரமாக ஒரு பிளக்ஸ். மாப்பிள்ளை ரித்விக்கின் நண்பர்கள் வைத்தது. மேலே அவர்களுடைய முகங்கள் வரிசையாக. நடுவில் ஆள் உயரத்துக்குப் பூவாத்தாள், பிளந்த வாயும் உருட்டிய கண்ணுமாக. நீட்டிய கையில் புழுவுக்குப் பதிலாக மாப்பிள்ளையைக் குட்டியாக்கி நிற்க வைத்திருந்தார்கள். 'மாமியார் முழுங்கறதுக்குள்ள ஓடிரு மாப்ள!' என்று எழுதியிருந்தது. ஓரத்தில் சின்னதாகப் பலகையின் முத்திரை.

உறவுக்காரர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சிலர் வாயைப் பிளந்து காட்டினார்கள். முகூர்த்தம் முடிந்து மாலையோடு வெளியே வந்த மாப்பிள்ளையும் சிரித்தான். கெட்ட பையனாகத் தெரியவில்லை. "சும்மா ஜாலிக்குங்க அத்தை" என்று பின்னால் வந்த பூவாத்தாளைப் பார்த்துச் சொன்னான். பூவாத்தாள் பட்டுச்சேலையில் இருந்தாள். இளைத்திருந்தாள். "பரவாயில்லீங்க மாப்ள" என்றாள். வாயைத் திறக்காமலே பேசப் பழகியிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது.

அமலி சமையல்கட்டுப் பக்கம் போய்க் காய் அரியும் கத்தி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு ஏறி, பிளக்ஸின் கட்டுக் கயிற்றை அறுக்கத் தொடங்கினாள். ஒரு மூலை அவிழ்ந்து தொங்கியது. மாப்பிள்ளையின் நண்பர்கள் ஓடி வந்தார்கள்.

"ஏனுங்க, யாருங்க நீங்க? எதுக்குங்க அறுக்கறீங்க?"

"இத எறக்குங்க. அவங்க ஒரு மனுஷி" என்றாள் அமலி. அவள் குரல் உயர்ந்துவிட்டது. பந்திக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "பொண்ணு ஊட்டுக்காரங்களுக்கு நம்ம பசங்க வெச்சது புடிக்கலீங்களாக்கும்" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பூவாத்தாள் வந்தாள். நாற்காலிக்குக் கீழே நின்று, அமலியின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி அழுத்தமாக இருந்தது.

"எறங்குங்க" என்றாள்.

"அக்கா, இத நான்தான்..."

"எறங்குங்க. எம்பொண்ணு இன்னைக்கு இவுங்க ஊட்டுக்குத்தான் போகோணும். நாளைக்கும் அங்கதான் இருக்கோணும். உங்களுக்கு மனசு ஆறோணும்னு அவ பொழப்புல கத்திய வெக்காதீங்க."

அமலி இறங்கினாள். கத்தியைப் பூவாத்தாள் வாங்கிக்கொண்டாள். பிறகு நண்பர்களைப் பார்த்து, "தெரியாம செஞ்சுபோட்டாங்க, நம்ம ஒரம்பரைதான், சொந்தக்காரங்க. நீங்க கட்டுங்க சாமி" என்றாள். அவர்கள் அதே நாற்காலியில் ஏறி மூலையை மறுபடி இழுத்துக் கட்டினார்கள். கட்டி முடிக்கும்வரை அவள் அங்கேயே நின்று பார்த்தாள். மாப்பிள்ளையின் தகப்பனார் சமாதானமாகி உள்ளே போனார்.

"வாங்க, சாப்பிடலாம்" என்று பூவாத்தாள் அமலியைக் கூட்டிக்கொண்டு போனாள்.

பந்தியில் ஓரத்து இலையில் உட்கார வைத்தாள். பரிமாறுகிறவர்களை விலக்கிவிட்டுத் தானே வாளியை வாங்கினாள். சாதம் போட்டாள், பருப்புப் போட்டாள், நெய் விட்டாள். அமலி இரண்டு வாய் தின்றுவிட்டுப் போதும் என்று கையைக் குறுக்கே வைத்தாள். பூவாத்தாள் அந்தக் கையை மெல்ல விலக்கி மேலும் போட்டாள்.

"அக்கா, என்னை எதாவது சொல்லிருங்க."

"என்னங்க சொல்றது? அத்தன தூரத்துல இருந்து வந்திருக்கீங்க. நல்லாச் சாப்பிடுங்க."

ரசம் வந்தது, மோர் வந்தது, பாயசம் வந்தது. எதிர்வரிசைக்காரர்கள் இவர்களைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். பூவாத்தாள் திரும்பவில்லை. அமலி குனிந்து, கண்ணீர் இலையில் விழாமல் பார்த்துக்கொண்டு, போட்டதையெல்லாம் தின்றாள். கடைசிப் பருக்கையையும் வழித்து இலையை மூடும்வரை பூவாத்தாள் வாளியோடு அவள் எதிரிலேயே நின்றாள்.